தமிழில் வாசிக்கப்போகிறார்கள்

சிறப்பு விருந்தினர் இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும் கர்த்தாவே என்று சௌந்தரம் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அவர் எப்போது முடிப்பார் என்று அரங்கம் முழுக்க நெளிந்துகொண்டிருந்தது. பின்வரிசைகளில் கல்லூரிப் பிள்ளைகள் செருப்பைத் தரையில் தேய்த்தார்கள், யாரோ இருமினார்கள், அந்த இருமல் கேட்டு இன்னொருவருக்கும் இருமல் வந்தது. முன்வரிசையில் அவள் ஒருத்திதான் அவர் உட்கார்ந்துவிடக் கூடாதே என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உட்கார்ந்தால் சங்கரவடிவு எழுந்திருப்பாள். சங்கரவடிவு எழுந்தால் மேசைமேல் இருக்கிற அந்தப் புத்தகத்தை எடுப்பாள், கண்ணாடியைத் துடைத்துப் போடுவாள், வாசிப்பாள். தமிழில் வாசிப்பாள். பக்கத்தில் நாத்தனார் ஜெபமணி மயினி கைக்குட்டையால் கழுத்தை ஒற்றிக்கொண்டு, "என்னட்டி இந்த மனுசன் நம்ம பிள்ளைய விட்டுட்டு உலகத்தையெல்லாம் பேசுதாரு" என்றாள். சௌந்தரம் சிரித்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, வாய் தன்பாட்டுக்குச் செய்துவிடுகிறது, எத்தனையோ வருசப் பழக்கம். மேடையில் நடு நாற்காலியில் மகள் நிம்மி இருந்தாள். அமெரிக்காவில் டாவமானி, டாவமானி என்று நாக்கை மடக்கிச் சொல்லி எழுந்து நின்று கைதட்டுகிற கவிஞர் நிர்மலா தவமணி; பாளையங்கோட்டையில் தவமணியண்ணன் மகள். சாம்பல் நிறப் பருத்திச் சேலையை யாரோ கட்டிவிட்டிருக்கிறார்கள், கொசுவம் சரிந்திருக்கிறது, எழுந்தால் காலில் தட்டும். போய்ச் சரிசெய்ய வேண்டும். அந்தச் சாக்கில் மேடைக்குப் போய் அவள் காதில் ஒரு வார்த்தை, அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லு, வேற எதை வேண்டுமானாலும் வாசிக்கச் சொல்லு. இத்தனை பேர் பார்க்க எப்படிப் போவது? சேலையைச் சரிசெய்கிற அம்மா, ஒன்றும் தப்பாகத் தெரியாது. எழுந்திரு சௌந்தரம். முட்டி அசையவில்லை. சிறப்பு விருந்தினர் ஒரு தாளைப் புரட்டினார், அடியில் இன்னொரு தாள் இருந்தது, ஸ்தோத்திரம்.

எல்லாம் அந்த ஆறு செய்த வேலை. ஆறு ஒன்றும் செய்யவில்லை, அவள்தான் செய்தாள். 'ரன்னிங் வாட்டர்' என்று நிம்மி ஒரு கவிதை எழுதியிருக்கிறாள், அது பெரிய பேர் வாங்கியிருக்கிறது, பள்ளிக்கூடப் பாடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே சௌந்தரம் முடிவு செய்துவிட்டாள், ஓடுகிற தண்ணீர் என்றால் வேறென்ன, தாமிரபரணிதான். பிள்ளை சின்னதில் ஒரே ஒரு தடவை லீவுக்கு வந்தபோது குறுக்குத்துறையில் இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்திக் குளிப்பாட்டியிருக்கிறாள், மீன் காலைக் கடித்தது என்று கத்தினாள், அதை எழுதியிருக்கிறாள். ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள். மயினி அதைச் சபையில் சொன்னாள், சபையார் ஊரில் சொன்னார்கள். சௌந்தரத்துக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் அக்ரன் ஊரில் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் முப்பது வருசத்துக்கு மேல் வேலை பார்த்தவள், பிள்ளைகளை அதட்டியிருக்கிறாள், மேலதிகாரியோடு சண்டை போட்டிருக்கிறாள். ஆனால் கவிதை வேறு. நிம்மி வாசிக்கிற கூட்டங்களுக்குப் போய் உட்காரும்போது ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்த வார்த்தையாகத்தான் இருக்கும், சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. மற்றவர்கள் தட்டும்போது தட்டுவாள். ஒரு தடவை, கிளீவ்லாண்டிலா வேறு எங்கேயோ, புத்தகத்தில் கையெழுத்து வாங்க வரிசையில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண், நீங்கள்தான் அம்மாவா என்று கேட்டு, பதில் சொல்வதற்குள் கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதது. சௌந்தரம் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். ஒரு ஆற்றின்மேல் இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு பாசமா என்று மனசு நிறைந்துபோய், ஒரு தடவை ஊருக்கு வாம்மா, நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்றாள். அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்த பார்வை. இப்போது நினைத்தால் காது சுடுகிறது. என்ன நினைத்திருக்கும்? எங்கே கூட்டிக்கொண்டு போவதாக நினைத்திருக்கும்?

முந்தாநாள் வரைக்கும் ஆறுதான். முந்தாநாள் மத்தியானம் சங்கரவடிவு போன் செய்தாள். கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவள், நிம்மியின் கவிதைகளையெல்லாம் தமிழில் கொண்டுவந்தவள், மரியாதையான பெண். "அம்மா, ஒரு சின்ன சந்தேகம், மேடையில வாசிக்கறதுக்கு முன்னால சரி பாக்கறேன். நிர்மலா மேடத்துக்கு லைன் கிடைக்கல, அதான் உங்ககிட்ட. அந்தப் பாத்ரூம்ல இருந்தது தொட்டியா, இல்ல படுத்துக் குளிக்கிற பாத்டப்பு தானா? தொட்டின்னு போட்டா நம்ம ஊரு சிமெண்டுத் தொட்டி மாதிரி ஆயிருதுல்லா?" எந்தப் பாத்ரூம் என்று சௌந்தரம் கேட்டாள். "ரன்னிங் வாட்டர்ல வர்ற பாத்ரூம்மா. குழாயத் திறந்து விட்டுட்டுக் கப்பல் விளையாடுவீங்களே." டப்புதான் என்று அவள் சொன்னாள். அவள் குரல் தெளிவாக இருந்தது. வெள்ளைக் கலர், ஒரு ஓரத்தில் பெயிண்ட் உரிந்திருக்கும் என்றுகூடச் சொன்னாள், கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். போனை வைத்துவிட்டு அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற நிம்மியின் புத்தகங்களில் அதை எடுத்து, பக்கத்தைத் தேடி, மூக்குக்கண்ணாடி இல்லாமலே பார்த்தாள். ஷிப் என்று இருந்தது. கீழே தண்டர் என்று இருந்தது. அதற்குமேல் ஒரு வரிகூடப் பார்க்காமல் மூடிவிட்டாள். கப்பல், இடி. அந்த இரண்டு வார்த்தையும் அவளுடையவை. அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை முடிந்து வந்த மத்தியானத்தில், யோசிக்கக்கூட நேரமில்லாமல் கண்டுபிடித்த வார்த்தைகள். அவற்றை அந்தக் குளியலறைக்கு வெளியே யாருக்கும் சொன்னதில்லை, அவளும் பிள்ளையும் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவரைத் தவிர.

அவர், நிம்மியின் அப்பா, வாரம் முழுக்க நல்ல மனுசன், அதை யார் கேட்டாலும் சொல்லலாம். டயர் கம்பெனியில் இன்ஜினியர், சபையில் மூப்பர், ஊரில் தங்கச்சி மக்களையும் அக்கா மக்களையும் படிக்கவைத்தவர். மயினியின் மகன் ஆல்வின், இந்த வரிசையிலேயே கடைசியில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருக்கிறானே, அவன் டாக்டராக இருப்பது அவரால். கம்பெனியில் அவரிடம் வேலை பழகிய பையன்களெல்லாம் அவருக்கு மேலே போய் உட்கார்ந்தார்கள், அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். திங்கள் முதல் சனி வரை சேர்ந்தது ஞாயிறு மத்தியானம் வெளியே வரும். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டுவார், மாட்டுகிற விதத்தில் தெரிந்துவிடும். தோள்பட்டை சரியாக உட்கார்ந்தால் ஒன்றும் இல்லை. ஒரு தோள் சரிந்து தொங்கினால் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயை முழுசாகத் திறந்து விடுவாள். சில நாள் அதற்குள் ஒரு அடி விழுந்திருக்கும். தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே பேசுவது கேட்காது. கதவு அதிர்ந்தால், அது இடி என்பாள். நாம கப்பல்ல போறோம், நடுக்கடல்ல புயல், நீதான் கேப்டன். பிள்ளை உடுப்போடு டப்புக்குள் இறங்கி ரப்பர் வாத்துகளை வரிசையாக விட்டு, கேப்டன் குரலில் ஆணை போடும். சிரிக்கும். என்ன சிரிப்பு அது. கதவுக்கு வெளியே ஒரு மனுசன் மிருகமாக நிற்க, உள்ளே ஒரு குழந்தை கிணிகிணியென்று சிரிக்கிறது. அந்தச் சிரிப்பைக் கேட்கும்போது சௌந்தரத்துக்கு நெஞ்சு நிமிரும். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளட்டும், இதை எடுக்க முடியாது. என் பிள்ளைக்குத் தெரியாது. அதுதான் அவள் வாழ்க்கையில் செய்த காரியம். வேறு எதையும் அவள் பெரிதாகச் செய்துவிடவில்லை.

தெரியாது, தெரியாது. ஆறு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அப்படியானால் இந்தக் கவிதையால் ஒன்றும் வந்துவிடாது. அம்மாவும் மகளும் குளியலறையில் கப்பல் விளையாடினார்கள், அவ்வளவுதான் எழுதியிருப்பாள், வாத்து, சோப்பு நுரை, கேப்டன். மயினி ஆறு எங்கே என்று கேட்பாள், அதுவும் தண்ணீர்தானே மயினி என்று சொல்லிவிடலாம். சௌந்தரம் மூச்சை இழுத்து விட்டாள். விட்ட மூச்சு பாதியில் நின்றது. சோப்பு நுரையைக் கேட்டா அந்த வெள்ளைக்காரப் பெண் அப்படி அழுதது? சோப்பு நுரையையா பாடப்புத்தகத்தில் வைப்பார்கள்? சிறப்பு விருந்தினர் நிம்மியின் வரலாற்றுக்கு வந்துவிட்டார். ஒஹையோ மாநிலத்தில் பிறந்து, மருத்துவப் படிப்பைப் பாதியில் உதறி, என்றார். உதறி என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார். அந்த இரவுச் சாப்பாட்டு மேசையில் நிம்மியின் அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தது, நிம்மி பெட்டியோடு பனியில் பஸ்ஸுக்கு நடந்தது, சௌந்தரம் பின்னாலேயே ஓடி அவள் கோட்டுப் பையில் பூரியைச் சுருட்டிச் சுருட்டித் திணித்தது எதுவும் விருந்தினர் கையில் இருக்கிற தாளில் இருக்காது. ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தபடி எழுதிய முதல் தொகுப்பு, என்றார் அவர். உண்மைதான். கை வெந்து கொப்புளமாக இருக்கும், அம்மா கவலைப்படுவாள் என்று சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொள்வாள். பிறகு பரிசு, பிறகு பெரிய பரிசு, பேப்பரில் முழுப்பக்கப் படம், பல்கலைக்கழகத்தில் வேலை, பீட்டரோடு கல்யாணம், பீட்டரோடு விவாகரத்து, அதை விருந்தினர் விட்டுவிட்டார், நல்லவர். நாட்டின் மனசாட்சியின் குரல் என்று ஒரு பத்திரிகை எழுதியதாம். மயினி சௌந்தரத்தின் முழங்கையை இடித்தாள். "தவமணி இருந்து பாத்திருக்கணும்ட்டி."

பார்த்தார் மயினி. அவர் பார்த்தார். பரிசு வந்த புத்தகம் தபாலில் வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு கார் நிறுத்துகிற கொட்டகைக்குப் போனார். காப்பி போட்டு வைத்து அது ஆறி, திரும்பப் போட்டு அதுவும் ஆறி, என்ன ஆயிற்று என்று கதவைத் திறந்து பார்த்தால், ஓடாத காருக்குள் ஸ்டியரிங்கின் மேல் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்தார். நல்லா எழுதியிருக்கா, என்றார். அந்த ஒரு வார்த்தைதான். மகளை மன்னித்துவிட்டார் என்று சௌந்தரம் அன்றைக்குப் பாயசம் வைத்தாள். அதற்குப் பிறகு நிம்மி வாசிக்கிற கூட்டம் எங்கே நடந்தாலும் அவரே காரை ஓட்டிக் கொண்டுபோய் விடுவார், ஆனால் உள்ளே வர மாட்டார். முதுகு வலி, நாற்காலி ஒத்துக்கொள்ளாது என்பார். பனி கொட்டுகிறபோதும் காருக்குள்ளேயே இருப்பார். சௌந்தரம் வெளியே வந்து கண்ணாடியைத் தட்டினால் இறக்கி, எல்லாரும் எழுந்து நின்னாங்களா என்று கேட்பார். நின்னாங்க என்பாள். அந்த மனுசன் இங்கிலீஷை இங்கிலீஷாகப் படிக்கிறவர். ஐயோ, அவர் படித்திருக்கிறார். எல்லாரும் எழுந்து நின்றது எதற்கென்று தெரிந்துதான் கேட்டிருக்கிறார். சாகிறவரைக்கும் ஒரு கார் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், அவளோ வெளியே நின்று பாயசம் வைத்த சந்தோசத்தில். அவர் கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நிம்மியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் கிடந்தது, அவளும் ஒன்றும் சொல்லாமல் இருந்தது. அப்போது சௌந்தரம் ஐஸ் வாங்கப் போனாளே, காரிடாரில் அந்த மிஷின் வேலை செய்யவில்லை, வேறு மாடிக்குப் போகவேண்டியிருந்தது. திரும்பி வருவதற்குள் ஏதாவது பேசினார்களா? இரண்டு பேருக்கும் தெரிந்த ஒன்று, அவளுக்குத் தெரியாமல். அவளிடமிருந்து மறைப்பதற்கு.

கைதட்டல். விருந்தினர் உட்கார்ந்துவிட்டார். எப்போது முடித்தார்? சௌந்தரம் கைதட்டினாள், உள்ளங்கை ஈரமாக இருந்தது, சத்தம் வரவில்லை. காலையில் கேட்டிருக்க வேண்டும், கேட்டாள், பாதி கேட்டாள். மயினி வீட்டு மாடியில் அவளுக்கென்று விட்டிருக்கிற அறையில் கேட்டாள்; அவர் போன பிறகு ஊருக்கே திரும்பி வந்தவளை, தம்பி பொண்டாட்டி என்று ஒரு நாளும் முகம் சுளிக்காமல் மயினி வைத்துக்கொண்டிருக்கிறாள். நிம்மி கட்டிலில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். "நிம்மி, அந்தத் தண்ணிக் கவிதையை மட்டும் விட்டுட்டு வேற வாசிக்கச் சொல்லக் கூடாதா?" நிம்மியின் கை துண்டோடு நின்றது. "ஏம்மா?" என்றாள். அவளுடைய தமிழ் சின்ன வயசில் நின்றுபோன தமிழ், கேள்வி கேட்டால் குழந்தை கேட்கிற மாதிரி இருக்கும். "அத்தையெல்லாம் வருதாவல்லா." "வந்தா?" அதற்குள் ஆப்பத்தைத் தட்டில் ஏந்திக்கொண்டு மயினியே மேலே வந்துவிட்டாள், மூட்டுவலியோடு படியேறி, எம் மருமவளுக்கு ஓரம் முறுகலா இருந்தாத்தான் பிடிக்கும் என்று. நிம்மி அம்மாவையே பார்த்துக்கொண்டு ஆப்பத்தைப் பிய்த்தாள். அம்மா, நீ அதைப் படிச்சியா என்று மயினிக்குப் புரியாத வேகத்தில் இங்கிலீஷில் கேட்டாள். இல்லை என்று சௌந்தரம் தலையாட்டினாள். நிம்மியின் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. நிம்மதியா, ஏமாற்றமா? பெற்ற முகத்தில் இது எது என்று தெரியவில்லை.

சங்கரவடிவு கண்ணாடியைத் துடைத்தாள். கரண்டு போகட்டும். மைக் கெட்டுப்போகட்டும். எனக்கு மயக்கம் வரட்டும், விழுந்தால் எல்லாரும் ஓடிவருவார்கள், ஆல்வின் நாடி பிடித்துப் பார்ப்பான், கூட்டம் கலையும். விழத் தெரியவில்லை. அவள் எத்தனையோ தடவை விழாமல் நிற்கப் பழகியவள். இனி மயினி முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயம் இத்தனை நேரம் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது, இப்போது தேடினால் அதைக் காணவில்லை, அதன் இடத்தில் வேறொன்று இருந்தது, அதற்கு மயினியும் இல்லை ஊரும் இல்லை. தெரியுமா, தெரியாதா. அது ஒன்றுதான். கர்த்தாவே, ஊரெல்லாம் தெரிந்துகொள்ளட்டும், நிம்மிக்கு மட்டும் தெரிந்திருக்கக் கூடாது. 'திறந்த குழாய்' என்று தலைப்பைச் சொன்னாள் சங்கரவடிவு. மயினி, "தாமிரவருணி கவிதையாட்டி?" என்று கிசுகிசுத்தாள். சங்கரவடிவுக்கு நல்ல குரல், அலங்காரமில்லாமல், பக்கத்து வீட்டுக்காரி நின்று சொல்கிற மாதிரி வாசித்தாள். ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் கோட்டு நாற்காலியில் ஒரு தோள் சரிந்து தொங்கியது, என்று வந்தது. கோட்டையா? கோட்டைப் பார்த்திருக்கிறாளா? அது அவளுடைய கணக்கல்லவா, அவள் மட்டும் பார்க்கிற அடையாளமல்லவா? அம்மா குழாயைத் திறந்தாள். அம்மா இது கப்பல் என்றாள், நான் கப்பல் என்றேன். அம்மா அது இடி என்றாள், நான் இடி என்றேன். அம்மாவின் உதட்டிலிருந்து ஒரு சொட்டு தண்ணீரில் விழுந்து இளஞ்சிவப்பாக விரிந்தது, நான் அதன்மேல் வாத்தை நிறுத்தினேன், அவள் பார்த்துவிடக் கூடாதென்று. சௌந்தரம் நாற்காலியின் கையைப் பிடித்தாள். அரங்கத்தில் செருப்புச் சத்தம் இல்லை, இருமல் இல்லை, மின்விசிறி மட்டும் சுற்றியது. எனக்குத் தெரியாது என்று அவள் நம்பினால்தான் அவளால் கதவைத் திறந்து வெளியே போக முடியும், என்று சங்கரவடிவு தொடர்ந்தாள். அதனால் சிரித்தேன். எனக்கு ஆறு வயது, அம்மாவைக் காப்பாற்ற என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. இன்னும் சத்தமாக, என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், இன்னும் சத்தமாக. சங்கரவடிவு நிறுத்தினாள். அவ்வளவுதான் போலிருக்கிறது. எல்லாரும் சேர்ந்து கைதட்டினார்கள். அந்தச் சிரிப்பு சௌந்தரத்தின் காதுக்குள் கேட்டது, கிணிகிணியென்று, அவள் வாழ்நாளெல்லாம் எடுத்து எடுத்துக் கேட்டுச் சந்தோசப்பட்ட சிரிப்பு, இப்போது கேட்டால் அதற்குள் ஒரு குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்துவது கேட்கிறது. அது எப்போதும் அங்கேதான் இருந்தது. நெஞ்சு நிமிர்ந்து நின்றாளே, அந்த நேரத்தில் அந்தப் பிள்ளை இவள் முகத்தைப் பார்த்து, போதுமா, நம்பிவிட்டாளா என்று. பக்கத்தில் மயினியின் கை அவள் முழங்கைக்குப் பக்கத்திலிருந்து விலகிப்போயிருந்தது. சௌந்தரம் திரும்பிப் பார்க்கவில்லை.

கேள்வி நேரம் என்றார்கள். ஒரு மாணவி உவமை பற்றி ஏதோ கேட்டது, நிம்மி ஏதோ சொன்னாள். பிறகு மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து மைக்கை வாங்கினார். பொன்ராஜ் சார், ஓய்வுபெற்ற பேராசிரியர், நிம்மி அப்பாவின் பள்ளித் தோழர், கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். அவருக்கு மூச்சு வாங்கியது. "அம்மா நிர்மலா, நான் உங்கப்பாவோட ஒரே பெஞ்சுல இருந்தவன். ஒரு எறும்ப மிதிக்க மாட்டான். அமெரிக்காவுல அப்பனை இழிவா எழுதுனாத்தான் பரிசு குடுப்பான்னா எழுதிக்கோ, அது உன் தொழில். ஆனா இது அவன் பிறந்த ஊரு. அவன் கூடப்பிறந்தவ இங்கன இருக்கா. இது கற்பனைதான்னு ஒரு வார்த்தை சொல்லிரு, நாங்க சந்தோசமா எந்திரிச்சுப் போயிருதோம்." யாரோ ஆமா என்றார்கள். யாரோ உட்காருங்க சார் என்றார்கள். சங்கரவடிவு பதறி எழுந்தாள், நிம்மி கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். மைக்கைப் பக்கத்தில் இழுத்தாள். ஆயிரக்கணக்கான பேருக்கு முன்னால் நின்று வாசித்தவள், நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டாள். "அது கவிதை சார்," என்றாள். "அது தெரியுதும்மா. நடந்துச்சா, நடக்கலியா?" நிம்மி கீழே பார்த்தாள். முன்வரிசையைப் பார்த்தாள், அம்மாவை, அத்தையை, மறுபடி அம்மாவை. அந்தப் பார்வை சௌந்தரத்துக்கு நன்றாகத் தெரியும், ஆனால் இதுவரை அது என்னவென்று தெரிந்ததில்லை. போதுமா, உன்னால் வெளியே போக முடியுமா என்று பார்க்கிற பார்வை. நிம்மியின் வாயோரம் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது, இலேசான, பொதுவான சிரிப்பு. "கவிஞர்கள்லாம் கொஞ்சம் பொய்..." என்று ஆரம்பித்தாள்.

சௌந்தரம் எழுந்து நின்றிருந்தாள். முட்டி எப்போது அசைந்தது என்று தெரியவில்லை. "நடந்துச்சு," என்றாள். குரல் உள்ளே போய்விட்டது, முதல் வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. மயினி சேலை முந்தியைப் பிடித்து இழுத்தாள், "ஏட்டி, உக்காரு." "நடந்துச்சு சார்," என்றாள் மறுபடி, சாப்பாட்டு அறையில் பிள்ளைகளை அதட்டிய குரல், மைக் தேவைப்படாத குரல். "உங்க சிநேகிதர் நல்லவருதான். அதுவும் நிசம், இதுவும் நிசம். அடி வாங்குனது நான். எனக்குத் தெரியாதா?" பொன்ராஜ் சார் மைக்கைப் பிடித்தபடியே நின்றார், வாங்குவதற்கு யாரும் போகவில்லை. சௌந்தரம் அவரை விட்டுவிட்டு மேடைப் பக்கம் திரும்பினாள். அரங்கம் இருந்தது, விளக்குகள் இருந்தன, ஆனால் பேசுவதற்கு அவளுக்கு ஒரே ஒரு ஆள்தான் தெரிந்தாள். "நிம்மி, நீ சிரிச்சப்போ நான் நம்பிட்டேன்ட்டி," என்றாள். "உண்மைக்குமே நம்பிட்டேன்." நிம்மி மைக்கை அணைக்காமலே எழுந்தாள், கொசுவம் காலில் தட்டியது, கையால் கொத்தாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையின் பக்கப் படிகளில் இறங்கி வந்தாள். அம்மாவின் தோளில் நெற்றியை வைத்து நின்றாள், அவள் உடம்பு அதிர்ந்தது, ஆறு வயசில் ஒரு தடவைகூட இந்தப் பிள்ளை இப்படி அழுது பார்த்ததில்லையே என்று சௌந்தரம் நினைத்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் யாரோ தேசியகீதத்தைப் போட்டுவிட்டார்கள். எல்லாரும் எழுந்து நேராக நின்றார்கள். மயினியும் நின்றாள். போக முடியாது, பேச முடியாது, திரும்பக்கூட முடியாது, சௌந்தரத்தின் தோளில் அவள் தோள் படும்படி பாட்டு முடிகிற வரைக்கும் நின்றாள். அவள் மூச்சு கனமாக வந்து போனது.

பாட்டு முடிந்ததும் மயினி பையை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் நடந்தாள். ஆல்வின் பின்னாலேயே ஓடினான். பெண்கள் சிலர் சௌந்தரத்திடம் வந்தார்கள், ஒருத்தி கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் பேர்கூடச் சொல்லாமல் போனாள். நிம்மி ஓட்டலுக்குப் போயிரலாம்மா என்றாள். போகலாம். மாடி அறையில் இருக்கிற சாமான்களை நாளைக்கு ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம், பைபிள், மாத்திரை டப்பா, நாலு சேலை, இந்த வயசில் இவ்வளவுதான். பிறகு எங்கே? அமெரிக்காவுக்கா, அந்தக் குளிருக்கா? நிம்மியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது ஆல்வினின் கார் போகாமல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. பின்கதவு திறந்திருந்தது. மயினி உள்ளே, முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுதிருக்கிறாளா, கோபமா, வாசல் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. சௌந்தரம் பக்கத்தில் போய் நின்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா," என்றாள் மயினி.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியளா மயினி?"

மயினி யோசித்தாள். பதில் தெரியாமல் யோசிக்கவில்லை, அதைச் சொல்லலாமா என்று யோசித்தாள். கைப்பையின் கொக்கியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

"மாட்டேன்," என்றாள். பிறகு சீட்டில் அந்தப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, "ஏறு. அவளையும் ஏறச் சொல்லு," என்றாள்.